அடித்து ஆடும் அணியில் நின்று ஆடும் பேட்ஸ்மேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் இங்கிலாந்து அணி ஓவருக்கு ஐந்து ரன் வீதம் டெஸ்ட் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை கிரவுண்டுக்கு வரும் கேப்டன், முதல் ஓவரிலேயே "அடி, அடி" என்கிறார். கிரீஸில் நிற்கும் ஓப்பனரோ "முதல் ஒரு மணி நேரம் பவுலருக்கு, மீதி நாள் உனக்கு" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் லெதர் பால் ஆடும் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய கோச்சுகளுக்கும், கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே அலையும் அப்பா அம்மாக்களுக்கும் இந்த இழுபறியிலிருந்து எழும் கேள்விகள் இவை.

"கிளாசிக்கல் பேட்ஸ்மேன்" என்று யாரைச் சொல்கிறோம்? மெதுவாக ஆடுபவர் எல்லோருமா?

இல்லை. பந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்ற லெங்த்தைப் பார்த்த பிறகு காலை எடுத்து வைப்பவர், பேட்டை நேராக இறக்குபவர், தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதற்கு வெளியே போவதை விட்டுவிடுபவர்தான் கிளாசிக்கல். அவருடைய முதலீடு நேரம். ராகுல் டிராவிட் 164 டெஸ்டில் 31,258 பந்துகளைச் சந்தித்து 13,288 ரன் எடுத்தார். ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எடுத்த ரன், 42 சொச்சம். சேதேஷ்வர் புஜாரா 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் 1,258 பந்து ஆடி 521 ரன் எடுத்தார். இந்தியா அந்த மண்ணில் முதல் முறையாக டெஸ்ட் தொடரை வென்றது அப்போதுதான்.

அடிக்கத் தோதான ஹாஃப் வாலி வந்தாலும் கட்டை போட்டுவிட்டு, சிங்கிள் எடுக்கத் தெரியாமல் ரன் இல்லாத மெய்டன் ஓவர் கொடுப்பவரை நம் பக்கத்தில் "தடவுறான்" என்பார்கள். அது கிளாசிக்கல் ஆட்டத்தின் குறைபட்ட நகல். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் எதுவும் அவருக்குச் சாக்குப்போக்கு ஆகாது.

அடித்து ஆடும் உத்தி என்பது வெறும் சிக்ஸ் அடிப்பதா?

உத்தியின் உயிர் நேரக் கணக்கில் இருக்கிறது. டெஸ்டில் ஒரு நாளுக்கு 90 ஓவர். ஓவருக்கு 3 ரன் எடுக்கும் அணி 300 அடிக்க 100 ஓவர் ஆகும். 4.5 எடுக்கும் அணிக்கு 67 ஓவர் போதும். மிச்சமாகும் 33 ஓவர், நாளில் மூன்றில் ஒரு பங்கான ஒரு முழு செஷனுக்கும் மேல். எதிரணியை இரண்டு முறை ஆல் அவுட் செய்ய அந்த நேரம் வேண்டும். 2022 டிசம்பரில் ராவல்பிண்டியின் செத்த பிட்ச்சில் இங்கிலாந்து முதல் நாளே 75 ஓவரில் 506 அடித்தது. கடைசி நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் 74 ரன்னில் வென்றது இந்த மிச்சப்படுத்தலால்தான்.

பென் ஸ்டோக்ஸ் கேப்டன், பிரெண்டன் மெக்கல்லம் கோச் என்று 2022 கோடையில் இங்கிலாந்து மாறியபோது அதற்கு முன் ஆடிய 17 டெஸ்டில் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. அடுத்த ஏழில் ஆறு ஜெயித்தது. மெக்கல்லத்தின் செல்லப்பெயர் "பாஸ்" என்பதால் இதற்கு "பாஸ்பால்" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியா இருபது வருடத்துக்கு முன்பே ஓவருக்கு நான்கு என்ற வேகத்தில் எதிரணிகளை நசுக்கியது. பழைய சரக்கு, புது லேபிள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: மெக்கல்லம் அணியிலிருந்து எடுத்துப்போட முயன்றது அவுட் ஆகும் பயத்தைத்தான். நம் கேப்டன்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டு, அடி என்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கி அடித்து அவுட் ஆனால் கத்துவார்கள். கட்டை போட்டாலும் கத்துவார்கள். இப்படி நடத்தினால் பயம் இரட்டிப்பாகும்.

நின்று ஆடுபவரிடம் இந்த உத்தி எதை மாற்றுகிறது? அவர் தன் ஆட்டத்தை மாற்றாமல் இருந்தால் போதாதா?

அவர் மாறாவிட்டாலும் அவரைச் சுற்றி எல்லாம் மாறிவிடுகிறது. ஓப்பனர்கள் அடிக்கப் போவதால் விக்கெட் சீக்கிரம் விழலாம். மூன்றாவது ஆள் 15-ஆவது ஓவருக்குப் பதில் 4-ஆவது ஓவரிலேயே இறங்குகிறார். நம் நாட்டு டெஸ்டில் ஆடும் எஸ்ஜி கம்பெனிப் பந்தின் தையல் முழுக்கக் கையால் போடப்பட்டது, தூக்கலாக நிற்கும்; பளபளப்பு இருக்கும் முதல் 10, 15 ஓவர்தான் ஸ்விங்குக்குக் காலம். ஆக மூன்றாவது ஆள் பெயரளவில் ஒன் டவுன், வேலையளவில் ஓப்பனர்.

அடுத்து ஃபீல்டு. பார்ட்னர் விளாச ஆரம்பித்தால் எதிர்க் கேப்டன் ஸ்லிப்பைக் குறைத்து டீப் பாயின்ட், டீப் ஸ்கொயர் லெக் என்று ஆளை ஓரத்துக்கு அனுப்புவார். 2023 ஆஷஸ் முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா முதல் நாள் காலையிலேயே பவுண்டரியில் ஆள் நிறுத்தியது. இது நின்று ஆடுபவருக்கு லாபமும் நஷ்டமும் கலந்த சங்கதி. எட்ஜ் பட்டால் பிடிக்க ஆள் குறைவு, சிங்கிள் தாராளம். ஆனால் அவர் நம்பி வாழும் ஸ்கொயர் கட்டும் கவர் டிரைவும் நான்கிலிருந்து ஒன்றாகச் சுருங்கும். நன்றாக அடித்த பந்துக்கு ஒரு ரன்தான் என்றால் கை அரிக்க ஆரம்பிக்கும். பாதிப் பேர் அவுட் ஆவது இந்த அரிப்பில்தான். பந்து எதுவும் செய்திருக்காது.

பவுலரும் மாறுவார். அடி வாங்கியவர் லெங்த்தைப் பின்னால் இழுப்பார், வேகத்தைக் குறைப்பார், இல்லாவிட்டால் லெக் சைடில் ஆளைக் குவித்து பவுன்சர் போடுவார். வெளியே போகும் பந்தை விட்டு விட்டு பவுலரைத் தன்னிடம் வரவைக்கும் பழைய வித்தைக்கு வாய்ப்பே அமையாது.

ஸ்ட்ரைக் கிடைக்காதது இன்னொரு தொல்லை. பார்ட்னர் ஓவருக்கு நாலு பந்தைச் சாப்பிட்டால் ஐந்து ஓவரில் உங்களுக்குப் பத்து பந்துதான். கால் ஓடாது, கண் பழகாது. ஸ்கோர்போர்டில் அவர் 40, நீங்கள் 6. அந்த 6-ஐப் பார்த்து வெட்கப்பட்டு ஒரு ஷாட் அடிப்பது உண்டு.

கடைசியாக ஓய்வு. அணி 60 ஓவரில் சுருண்டால் உங்கள் பவுலர்கள் சரியாக மூச்சு வாங்காமலே மறுபடி பந்து போட வேண்டும். அவர்கள் களைத்துப் போனால் எதிரணி 120 ஓவர் ஆடும். அந்த 120 ஓவரும் நீங்கள் வெயிலில் நின்றுவிட்டு வந்துதான் புதுப் பந்தைச் சந்திக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஜோ ரூட் ராஜ்கோட்டில் ரிவர்ஸ் ஸ்கூப் (பேட்டைத் திருப்பிப் பிடித்து பந்தை ஸ்லிப்புக்கு மேலே பின்பக்கம் தூக்கிவிடும் ஷாட்) ஆடி அவுட் ஆனதற்கு ஏன் அவ்வளவு கூச்சல்? அதே ஷாட்டில் அவர் சிக்ஸும் அடித்திருக்கிறாரே?

அடித்திருக்கிறார். 2022-இல் ஹெடிங்லியில் நியூசிலாந்தின் நீல் வாக்னரை அப்படித்தான் திருப்பி சிக்ஸுக்கு அனுப்பினார். ஷாட் அவருக்குத் தெரியும். ராஜ்கோட்டில் தப்பானது அந்தக் காலை நேரத்துக் கணக்கு.

2024 பிப்ரவரி, மூன்றாவது டெஸ்ட். இந்தியா 445. இங்கிலாந்து இரண்டாம் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 207, பென் டக்கெட் சதம் கடந்து நிற்கிறார். அன்று இரவு குடும்பத்தில் அவசரம் என்று அஸ்வின் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலை இந்தியாவிடம் ஒரு முன்னணி பவுலர் குறைவு. மீதிப் பேரை வெயிலில் ஓட விட்டு ஓட விட்டுக் களைக்க வைத்தால் பிற்பகலில் ரன் தானாக வரும். நின்று ஆடத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல காலை அமையாது. பும்ரா பந்தை ரூட் ரிவர்ஸ் ஸ்கூப் ஆடினார். இரண்டாவது ஸ்லிப்பில் ஜெய்ஸ்வால் பிடித்தார். 18 ரன். 224-இல் மூன்றாவது விக்கெட் விழுந்த அணி 319-இல் முடிந்தது. இந்தியா 434 ரன்னில் ஜெயித்தது.

ஸ்கூப், ரிவர்ஸ் ஸ்கூப் இரண்டுக்கும் பவுலர் கையை விடும் முன்பே தயாராக வேண்டும். அதாவது லெங்த்தைப் பார்த்து முடிவெடுப்பது என்ற தன் மிகப் பெரிய பலத்தை அந்த ஒரு பந்துக்கு ரூட் அடகு வைக்கிறார். பார்க்காமல் அடிக்கும் பழக்கம் உள்ள ஆட்டக்காரருக்கு அதில் இழப்பு குறைவு. ரூட்டுக்கு இழப்பு அதிகம். ஒரே ஷாட், இருவருக்கும் ஒரே விலை கிடையாது.

அந்தத் தொடரின் முதல் மூன்று டெஸ்டில் ஆறு இன்னிங்ஸில் ரூட் மொத்தம் எடுத்தது 77. அடுத்தது ராஞ்சி. லஞ்சுக்குள் 5 விக்கெட்டுக்கு 112. வழக்கமான ரூட்டாக, நேர் பேட்டும் ஒன்றிரண்டு ரன்களுமாக 274 பந்தில் 122 நாட் அவுட். கேப்டன் அதே ஸ்டோக்ஸ், கோச் அதே மெக்கல்லம். அணியின் கொள்கை அவரை ஸ்கூப் ஆடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு ராஞ்சியே சாட்சி. பயப்படாதே என்று சொன்னதை, புதுசாக எதையாவது ஆடு என்று சொன்னதாகக் காதில் வாங்கிக்கொள்வதுதான் நின்று ஆடுபவர்களுக்கு வரும் வியாதி.

வேகமாக ஆட முயலும்போது டெக்னிக்கில் எது முதலில் கெடும்?

கீழ்க்கை. டிஃபன்ஸில் மேல்கை பேட்டை நடத்தும், கீழ்க்கை விரல் நுனியில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் கீழ்க்கை பிடியை இறுக்கும். பேட்டின் முகம் லெக் பக்கம் மூடிக்கொள்ளும். நேராக அடித்த பந்து மிட் ஆனுக்குப் போகும், லேசாக வெளியே நகர்ந்தால் முன் விளிம்பில் பட்டு கவரில் கேட்ச்.

இரண்டாவது தலை. பலத்தைத் திரட்ட உடம்பு பின்னுக்குச் சாயும், தலை முன்கால் முட்டிக்கு மேலே நிற்காது. டிரைவ் தரையோடு போகாமல் காற்றில் ஏறும். மூன்றாவது முன்கால்: இடம் உண்டாக்கிக்கொள்ள அதை லெக் பக்கம் ஒதுக்கினால் பேட்டுக்கும் பேடுக்கும் நடுவே வாசல் திறக்கும். டி20-யில் பந்து சீமில் உள்ளே வருவது குறைவு, தப்பிக்கலாம். சிவப்புப் பந்தில் நடு ஸ்டம்ப் போய்விடும்.

130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பவுலர் கையிலிருந்து உங்களிடம் வர அரை வினாடிதான். அதற்குள் முடிவை மாற்ற முடியாது. எனவே "அடிக்கலாமா, தடுக்கலாமா" என்ற கேள்வியைப் பந்துக்குப் பந்து கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் பாதிப் பாதியாக வரும். அப்படிப் பாதியில் நின்ற ஷாட்டுகளை ஸ்லிப்பில் நிற்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் ஸ்ட்ரைக் ரேட் 45. அணி ஓவருக்கு நாலு ரன் கேட்கிறது. நான் எவ்வளவு ஏற்ற வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாக. நீங்கள் 45, பார்ட்னர் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பாதிப் பாதி பந்து ஆடினால் நூறு பந்துக்கு 62.5 ரன், அதாவது ஓவருக்கு 3.75. எக்ஸ்ட்ரா சேர்த்தால் நாலைத் தொட்டாயிற்று. நீங்கள் 45-ஐ 52 ஆக்கினால் ஓவருக்கு 3.96. அந்த 7 ரன்னுக்கு ஒரு சிக்ஸ் கூடத் தேவையில்லை. நூறு பந்தில் ஏழு டாட் பாலை சிங்கிள் ஆக்கினால் போதும், கிட்டத்தட்ட இரண்டரை ஓவருக்கு ஒன்று. கூடவே ஒவ்வொரு சிங்கிளும் 80-இல் அடிப்பவரை ஸ்ட்ரைக்குக் கொண்டுவருகிறது. அந்த லாபம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

உங்கள் ஸ்ட்ரைக் ரேட் 25 என்றால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது அணி கேட்பது நியாயம்.

அந்த ஏழு சிங்கிள் எங்கே இருக்கிறது? நெட்டில் எப்படிப் பழகுவது?

பெரும்பாலும் உங்கள் டிஃபன்ஸிலேயே இருக்கிறது. கையைத் தளர்த்தி, பந்து கண்ணுக்குக் கீழே வரும் வரை காத்திருந்து ஆடினால் அது மூன்று, நான்கு மீட்டர் தள்ளிச் செத்து நிற்கும். பாயின்ட்டும் கவரும் உள்ளே வருவதற்குள் ஓடிவிடலாம். இரண்டு கிரீஸுக்கும் நடுவே 17.68 மீட்டர். மறுமுனையில் நிற்கும் நான்-ஸ்ட்ரைக்கர், பந்து விடப்பட்டதும் இரண்டு அடி எடுத்து வைத்து, பேட்டை நீட்டிச் சறுக்கினால் ஓட வேண்டியது அதைவிடக் குறைவு. இங்கே பலரும் ஷாட்டை நின்று ரசித்துவிட்டு ஓடுகிறார்கள். சிங்கிள் அங்கேதான் போகிறது.

நெட்டில் ஒருவருக்கு 60 பந்து கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் 18 பந்து தடுப்பதும் விடுவதும் மட்டும். விட்ட பந்தை ஆஃப் ஸ்டம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போனது என்று கீப்பர் இடத்தில் நிற்பவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுத்த 30 பந்துக்கு, பேட்ஸ்மேன் முன்னால் ஐந்து மீட்டர் தூரத்தில் செருப்பையோ செங்கல்லையோ அரை வட்டமாக வைத்து, நல்ல பந்து எல்லாம் அதற்குள் நிற்கிறதா என்று பாருங்கள். கெட்ட பந்து எதுவும் அதற்குள் நிற்கக் கூடாது. கடைசி 12 பந்தில் கோச் இலக்கு சொல்வார்: இரண்டு ஓவர், 9 ரன், டீப் பாயின்ட் இருக்கிறது, மிட் விக்கெட் காலி. அவுட் ஆனால் ஐந்து ரன் கழிவு. நெட்டில் அவுட் ஆனவுடன் சிரித்துவிட்டு அடுத்த பந்தை ஆடுவது நம் ஊர் வழக்கம். கழிவு வைத்தால் அது நிற்கும்.

புதிய ஷாட் வேண்டவே வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, அதுவும் ஸ்பின்னருக்கு எதிரான ஸ்வீப். குனிந்து, முன்கால் முட்டியை மடித்து, லெங்த் பந்தை முன்கூட்டி எடுக்கலாம். ஸ்பின்னர் லைன் மாற்றினால்தான் உங்கள் டிரைவுக்கு வழி பிறக்கும். மாதம் 300 பந்தாவது அதைப் பழகாமல் மேட்ச்சில் எடுக்க வேண்டாம்.

எங்கள் பையன்கள் பாலாற்று மணல்மேட்டில் டென்னிஸ் பாலிலும், கிரவுண்டில் மேட் விரித்த பிட்ச்சிலும் ஆடி வளர்ந்தவர்கள். இந்த உத்தி அவர்களுக்கு எளிது இல்லையா?

அடிப்பது எளிது. எப்போது என்பது கடினம். தண்ணீர் இல்லாத ஆறு கிரிக்கெட்டுக்கு வரம்தான், ஆனால் டென்னிஸ் பால் மார்பு உயரம் எழும்பி மெதுவாக வரும்; காத்திருந்து கீழ்க்கையால் மேலே தூக்கப் பழக்கும். கார்க் பால் கல் மாதிரி துள்ளும், சீம் இல்லாததால் நகராது; நேர்கோட்டில் கண்மூடி அடிக்கப் பழக்கும். தேங்காய்நார் மேட் விரித்த பிட்ச்சில் துள்ளல் ஒரே சீராக, உயரமாக இருக்கும். கட், புல் ஷாட்டுகள் தேன் மாதிரி வரும், ஸ்பின் நன்றாகப் பிடிக்கும். மேட்டை நான்கு பக்கமும் இழுத்து ஆணி அடிக்காமல் விட்டால் மடிப்பில் பட்ட பந்து தரையோடு போகும், அது தனிக் கதை.

இதிலிருந்து சென்னைக்குப் போய் டர்ஃப் பிட்ச்சில் ஆடும்போது பந்து முழங்கால் உயரத்தில் வரும். மேட்டில் கட் ஆடிய அதே லெங்த் இங்கே ஸ்டம்பில் அடிக்கும். அடித்து ஆடச் சொல்லும் அணியில் சேர்ந்த முதல் வாரத்தில் நம் பிள்ளைகள் போல்டு, எல்பிடபிள்யூ என்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தைரியக் குறைவு என்று திட்டுவதில் பிரயோசனம் இல்லை. போவதற்கு முந்தைய இரண்டு வாரம் மேட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, இறுகிய மண் தரையில் பழைய லெதர் பாலை வைத்து முன்கால் ஆட்டம் மட்டும் ஆட வையுங்கள்.

பார்ட்னர் விளாசும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

போட்டி போடாதீர்கள். 2021 ஜனவரி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சிட்னியில்: ரிஷப் பந்த் 118 பந்தில் 97, புஜாரா 205 பந்தில் 77, சேர்ந்து 148. பந்த் ஒரு முனையில் ஸ்பின்னர் நேத்தன் லயனைத் தூக்கித் தூக்கி அடிக்க, மறுமுனையில் புஜாரா அசையவில்லை. எட்டு நாள் கழித்து பிரிஸ்பேனில் 328 துரத்தியபோது புஜாரா 211 பந்தில் 56 எடுத்தார், உடம்பில் பதினொரு அடி வாங்கினார். புதுப் பந்தின் கூர்மையை அவர் தன் விலாவில் மழுக்கி வைத்ததால்தான் பந்த் 89 நாட் அவுட் என்று முடிக்க முடிந்தது.

வேகம் நிதானத்துக்குத் தோள் கொடுத்த கதையும் உண்டு, அது நம் சேப்பாக்கத்தில். 2008 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக 387 இலக்கு. நான்காம் நாள் மாலை சேவாக் 68 பந்தில் 83 அடித்துவிட்டுப் போனார். கடைசி நாள் டெண்டுல்கருக்கு அவசரம் என்று ஒன்றும் மிச்சம் இல்லை. ஃபீல்டு பரந்து கிடந்தது, ரன் ரேட் கைக்குள் இருந்தது, ஸ்வீப்பும் தட்டிவிடலுமாக 103 நாட் அவுட். வேகமாக ஆடும் பார்ட்னர் உங்களுக்கு நேரத்தை வாங்கிக் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

நடைமுறையில்: ஓவருக்கு இடையில் பேசும்போது ரன்னைப் பற்றிப் பேசாதீர்கள், எந்தப் பக்கம் ஆள் இல்லை, எந்த பவுலரை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் பேசுங்கள். உங்களுக்கு ஐந்து ஓவர் ஸ்ட்ரைக் சரியாக வராவிட்டால் மறுமுனையில் நின்றபடியே காலைக் குதித்து, பவுலரின் கையைப் பார்த்து மனதுக்குள் ஷாட் ஆடிக்கொண்டிருங்கள்.

கேப்டனுக்கு: நிதானமான ஒருவரை வைத்துக்கொள்வது உத்திக்குத் தடையா?

ஒருவர் இருந்தால் பலம், மூன்று பேர் இருந்தால் தேக்கம். ஒன் டவுன் அவருக்கு இயல்பான இடம். ஆறாவது இடத்தில் இறக்கி, கடைசியில் வரும் பவுலர்களோடு (டெயில்) நின்று விளாசச் சொல்வது ஆளையும் கெடுத்து இன்னிங்ஸையும் கெடுக்கும்.

அவரிடம் சொல்ல வேண்டியதை நேரத்திலும் பந்திலும் சொல்லுங்கள். "டீ வரைக்கும் நீ அவுட் ஆகக் கூடாது, மத்தபடி உன் இஷ்டம்" என்றால் புரியும். "பாசிட்டிவா ஆடுப்பா" என்றால் புரியாது. அந்தச் சொல்லுக்கு ஒவ்வொருவர் மண்டையிலும் ஒவ்வொரு அர்த்தம். பெவிலியனிலிருந்து கையைக் காட்டுவது, தண்ணீர் பாட்டிலோடு பன்னிரண்டாவது ஆளிடம் ஓவருக்கு ஒரு சேதி அனுப்புவது, இரண்டையும் நிறுத்துங்கள். முக்கியமாக, திட்டத்தின்படி ஆடி அவுட் ஆனவரை அன்று மாலை யார் முன்னாலும் கேலி செய்யாதீர்கள். அது ஒரு முறை நடந்தால் அடுத்த ஆறு மேட்ச்சுக்கு அவர் தனக்காக ஆடுவார்.

மெதுவாக ஆடினார் என்று நன்றாக ஆடியவரையே நீக்குவது நியாயமா?

நடந்திருக்கிறது. 1967 ஹெடிங்லியில் இந்தியாவுக்கு எதிராக ஜெஃப்ரி பாய்காட் 246 நாட் அவுட். இங்கிலாந்து ஜெயித்தது. மெதுவாக ஆடினார் என்று அடுத்த டெஸ்டில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். இரண்டு வருடம் முன்பு கென் பாரிங்டனுக்கும் 137 அடித்த பிறகு இதே கதி. நியாயமோ இல்லையோ, இருவரும் திரும்பி வந்து வருடக்கணக்கில் ஆடினார்கள்.

நிதானத்தால் இன்றைய டெஸ்டில் ஏதாவது காப்பாற்ற முடிகிறதா?

2023 எட்ஜ்பாஸ்டன்: இங்கிலாந்து முதல் நாளே 8 விக்கெட்டுக்கு 393 என்று டிக்ளேர் செய்து வேகம் காட்டியது. உஸ்மான் கவாஜா 321 பந்தில் 141, மறுபடி 197 பந்தில் 65. ஆஸ்திரேலியா இரண்டு விக்கெட்டில் வென்றது.

2025 ஜூலை, ஓல்டு டிராஃபோர்டு: இங்கிலாந்தைவிட 311 ரன் பின்தங்கிய இந்தியா முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் இரண்டு விக்கெட்டை இழந்தது. பிறகு 143 ஓவர் நின்றது. ராகுல் 90, கில் 103, ஜடேஜா 107 நாட் அவுட், நம் வாஷிங்டன் சுந்தர் 101 நாட் அவுட். சுந்தர் டி20-யில் பெயர் எடுத்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2024 கான்பூரில் மழையால் இரண்டரை நாள் போன பிறகு இந்தியா 34.4 ஓவரில் 285 அடித்து டிக்ளேர் செய்து வங்கதேசத்தை வென்றது. அங்கே நின்று ஆடியிருந்தால் டிரா. புத்தகத்தில் இருக்கும் ஷாட்டுகளையே ஆடும் கே.எல். ராகுல் 43 பந்தில் 68 எடுத்தார். அடுத்த டெஸ்டில், மேகம் மூடிய பெங்களூரில், அதே அணி நியூசிலாந்திடம் 46-க்குச் சுருண்டது. இரண்டு வாரத்தில் பிட்ச்சும் வானமும் மாறியிருந்தன.

மே மாத வெயிலில் இதெல்லாம் எப்படி?

வேலூரில் அக்னி நட்சத்திரம் சமயத்தில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். 1986 சேப்பாக்கம் டெஸ்டில் டீன் ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டார். நின்று ஆடுபவர் நாலு மணி நேரம் கிரீஸில் இருப்பவர், அவருக்கு இது டெக்னிக்கின் ஒரு பகுதி. 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர்; ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்தது ஒரு பாட்டில்; உப்புப் போட்ட மோர். கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்த பிறகு குடித்தால் அந்த இன்னிங்ஸுக்கு உதவாது. இரண்டாவது செட் கிளவுஸ் கட்டாயம். வியர்வையில் நனைந்த கிளவுஸில் பிடி இறுகும், கீழ்க்கை பற்றி மேலே சொன்னது அங்கே ஆரம்பிக்கும். பயிற்சியைக் காலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியுங்கள்.

லஞ்சில் ஆம்பூர் பிரியாணி வேண்டாம். ஜெயித்த பிறகு இரண்டு பிளேட் சாப்பிடலாம்.

பையனை ஐபிஎல் பக்கம் அனுப்ப ஆசை. டிஃபன்ஸ் சொல்லிக்கொடுத்து நேரத்தை வீணாக்கலாமா?

சாய் சுதர்சனைப் பாருங்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) தெரியவந்தவர், 2025 ஐபிஎல்லில் 759 ரன் எடுத்து அந்த சீசனிலேயே அதிகம். பெரும்பாலும் தரையோடு, நேர் பேட்டில். அதே வருடம் லீட்ஸில் டெஸ்ட் அறிமுகம், முதல் இன்னிங்ஸில் பூஜ்யம்; மான்செஸ்டரில் 61. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நேர் பேட்டைக் கற்றவன் பிறகு தூக்கி அடிக்கக் கற்றுக்கொள்வான். தலைகீழாகப் போனால் கஷ்டம்.

சதத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது கேப்டன் டிக்ளேர் செய்துவிட்டால்?

2004 முல்தானில் டெண்டுல்கர் 194-இல் நிற்கும்போது டிராவிட் டிக்ளேர் செய்தார். 1995 சிட்னியில் கிரேம் ஹிக் 98-இல் நிற்க ஆத்தர்டன் முடித்துக்கொண்டார். வேகமான அணியில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் அங்கே ஓவர்தான் பணம். டிக்ளேர் எப்போது என்று முந்தைய இடைவேளையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஓவர் மிச்சம் என்று தெரிந்தால் கடைசி 20 பந்தை எப்படி ஆடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். கேட்காமல் இருந்துவிட்டு 94-இல் கோபப்படுவதில் பயன் இல்லை. இன்னிங்ஸுக்கு நடுவே பத்து நிமிடம்தான். பேடைக் கழற்றி, தண்ணீர் குடித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்லிப்புக்குப் போக அது சரியாக இருக்கும்.